செஞ்சிடலாம் சார்

2024 மே 27, திங்கட்கிழமை தொடங்கிய ஸ்பிரிண்ட்டில், அதாவது இரண்டு வார வேலைச் சுற்றில், எங்கள் சாஃப்ட்வேர் டீம் 46 பாயிண்ட் (வேலையின் அளவுக்கு நாங்கள் போடும் எண்) வேலை எடுத்தது. ஜூன் 7 வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் முடிந்திருந்தது 27. மிச்சம் 19-ஐ அடுத்த ஸ்பிரிண்ட்டுக்குத் தள்ள, வேலைகளைக் குறித்துவைக்கும் ஜிராவில் ஒரு கிளிக் போதும். அந்தக் கிளிக்கை நான்தான் செய்தேன். இப்படிச் சுற்றுச் சுற்றாக வேலை செய்யும் முறைக்கு ஸ்கிரம் என்று பெயர். அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பவர் ஸ்கிரம் மாஸ்டர். அந்த மூன்று மாதத்துக்கு அந்த முறை என்னுடையது.

வீடு கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே. வாரத்தில் இரண்டு நாள் எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸ், மற்ற நாள் அப்பாவின் பழைய நெல் அறையில் மேசை போட்டு வேலை. லாரிக்காரர்களுக்கான செயலி ஒன்றைச் செய்கிறோம்: லோடு எடுத்தது, இறக்கியது, பில் வந்தது, பணம் நின்றது. டீமில் என்னையும் சேர்த்து ஆறு பேர். அரூர் தம்பி, பாலக்கோடு தம்பி, ஓசூர்ப் பையன், பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர், தருமபுரியில் இருக்கும் டெஸ்டர் அக்கா. பி.ஓ., அதாவது புராடக்ட் ஓனர், தனி, சேலத்துக்காரர், பேச்சில் கறார்.

ஏன் 46 எடுத்தோம் என்று அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி பிளானிங் மீட்டிங்கின் பதிவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். எனக்கு வேறு வேலை இல்லை என்று வீட்டில் நினைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஸ்டோரிக்கும் (ஒரு தனி வேலைக்கு எங்கள் பெயர்) மேனேஜர் "இது முடியுமா?" என்கிறார். யாராவது ஒருவர் "செஞ்சிடலாம் சார்" என்கிறார். அடுத்த ஸ்டோரி. ஒன்றரை மணி நேரத்தில் பதினோரு "செஞ்சிடலாம்". அதில் மூன்று என் குரல்.

இந்தச் சொல்லில் ஆளும் இல்லை, நாளும் இல்லை. "செய்றேன்" என்றால் நான். "செய்வாரு" என்றால் அவர். "செஞ்சிடலாம்" என்றால் யார்? கோயில் திருப்பணிக்கு நோட்டு எடுத்துக்கொண்டு வந்தால் "கொடுத்துடலாம், அதுக்கென்ன" என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்புவோமே, அந்த "லாம்" தான் இதுவும். எதிரில் இருப்பவர் மனம் கோணாமல் இருக்கச் சொல்வது. மரியாதைச் சொல். அதை நாங்கள் மதிப்பீடு என்று எடுத்துக்கொண்டு பலகையில் ஏற்றிவிட்டோம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. செய்யவேண்டியது எல்லாம் வரிசையாக இருக்கும் பட்டியல் புராடக்ட் பேக்லாக். எது முன்னே, எது பின்னே என்பது பி.ஓ.வின் பொறுப்பு. அதிலிருந்து இந்த இரண்டு வாரத்துக்கு என்று டீம் எடுத்துக்கொள்வதும், எதற்காக எடுத்தோம் என்கிற ஸ்பிரிண்ட் கோலும், எப்படிச் செய்யப்போகிறோம் என்கிற திட்டமும் சேர்ந்தது ஸ்பிரிண்ட் பேக்லாக். இது வேலை செய்கிறவர்கள் தங்களுக்காகப் போட்டுக்கொள்வது; எவ்வளவு எடுப்பது என்று மேலிருந்து யாரும் சொல்ல முடியாது. ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது. கென் ஷ்வாபரும் ஜெஃப் சதர்லேண்டும் எழுதிய ஸ்கிரம் வழிகாட்டி 2010-ல் வந்தது. அடுத்த ஆண்டே அதில் ஒரு சொல்லை மாற்றினார்கள். ஸ்பிரிண்ட்டுக்குள் இத்தனை வேலையை முடித்துத் தருவோம் என்று டீம் 'வாக்கு' கொடுப்பதாக இருந்தது போய், 'முன்கணிப்பு' சொல்வதாக மாறியது. எனக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கும். அவர்கள் வாக்கிலிருந்து கணிப்புக்கு இறங்கி வந்தார்கள். நாங்களோ இரண்டும் இல்லாத "லாம்"-இல் நின்றுகொண்டிருந்தோம்.

அந்த மே ஸ்பிரிண்ட்டுக்கு இன்னொரு கதையும் உண்டு. ஜூன் 4 மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. தருமபுரி தொகுதியில் முன்னிலை மாறிக்கொண்டிருந்தது. அரூர் தம்பி, பாலக்கோடு தம்பி, டெஸ்டர் அக்கா, மூன்று பேருக்கும் அது சொந்தத் தொகுதி. அன்றைக்கு ஸ்டாண்ட்-அப்பில், தினமும் நடக்கும் சின்னக் கூட்டத்தில், யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கே நினைவில்லை. அந்த நாளையும் முழு வேலைநாளாகக் கணக்கு வைத்திருந்தேன். தேதி தெரியாமலா இருந்தது? மாதக்கணக்கில் எல்லாச் சுவரிலும் எழுதியிருந்த தேதி.

அதனால் ஜூன் 10 பிளானிங்குக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா, "என்ன, யாருக்கு முகூர்த்தம் பார்க்கற?" என்றார்.

வேலை நாள் பத்து. 17-ம் தேதி பக்ரீத், ஒன்பது. பிளானிங், செய்ததைக் காட்டும் ரெவ்யூ, நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ, வரப்போகும் வேலையைத் தெளிவாக்கும் ரிஃபைன்மெண்ட் என்று கூட்டங்கள் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாள் போய்விடும், எட்டு. ஆறு பேர், 48. பாலக்கோடு தம்பிக்குத் தங்கை கல்யாணம், இரண்டு நாள் லீவு என்று சொல்லியிருந்தான். கல்யாண வீட்டுக்காரன் இரண்டு நாள் லீவு என்றால் நான்கு நாள் என்று அர்த்தம். ஆனாலும் அவன் சொன்னதையே போட்டேன். ஜூன் 10 பள்ளிக்கூடம் திறக்கிறது, டெஸ்டர் அக்காவின் பையன் ஒன்றாம் வகுப்பு, அரை நாள். எங்கள் லைனில் மாதப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாள் ஒன்று. காலை ஒன்பதுக்குப் போனால் சாயங்காலம்தான் வரும், என் இன்வெர்ட்டர் மூன்று மணி நேரம் தாங்கும், அரை நாள். ஆகமொத்தம் 45 ஆள்நாள்.

முதலில் சப்போர்ட் முறைக்கும் ஒரு கழிவு போட்டேன். ஒவ்வொரு ஸ்பிரிண்ட்டிலும் ஒருவர் பாதி நேரம் புரொடக்‌ஷன் புகார்களை, அதாவது ஓட்டத்தில் இருக்கும் செயலியில் வருபவற்றை, பார்ப்பார். பிறகு அழித்தேன். அது எப்போதும் இருப்பது. போன மூன்று ஸ்பிரிண்ட்டில் முடித்தது 29, 31, 27, சராசரி 29 என்றால், அந்த 29-ஐ அடைந்ததே சப்போர்ட் பார்த்துக்கொண்டேதான். இன்னொரு தடவை கழித்தால் இரட்டைக் கழிவு. இந்தத் தப்பை நான் ஆறு மாதம் செய்திருக்கிறேன். வழக்கத்துக்கு மாறானதை மட்டும்தான் கழிக்கவேண்டும். வழக்கமாக எங்களுக்கு 54 ஆள்நாள், இந்த முறை 45. 29-ஐ 45-ஆல் பெருக்கி 54-ஆல் வகுத்தால் 24 சொச்சம்.

46 எடுத்த டீம் 24 எடுக்கப்போகிறது என்று திங்கட்கிழமை எப்படிச் சொல்வது? ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

பாயிண்ட் என்றால் என்ன என்று அப்பா ஒரு தடவை கேட்டார். மணிக்கணக்கு இல்லை, ஒரு வேலையை இன்னொரு வேலையோடு ஒப்பிட்டுப் போடும் அளவு என்றேன். "அதாவது தோப்பு மதிப்பு" என்றார். எங்களுக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு. பெங்களூரா பெரும்பகுதி, கொஞ்சம் செந்தூரா, வேலியோரம் நான்கு பீத்தர். மரத்திலேயே காய்க்கு விலை பேசி எடுத்துக்கொள்ளும் குத்தகைக்காரர் வந்தால், மரம் மரமாக நின்று பார்ப்பார். ஒரு காயும் எண்ணமாட்டார். கிணற்றோரத்து மரம் போன வருஷம் எவ்வளவு காய்த்தது என்று அவருக்குத் தெரியும். "இது அதுல ஒன்னரை, இது அதுல பாதி" என்றுகொண்டே போவார். எங்கள் வேலையும் அதுவேதான். 'லாகின் திரையில் வண்டி எண் சேர்த்தது' எங்களுடைய கிணற்றோரத்து மரம், அதற்கு 3. மற்றதெல்லாம் அதில் எத்தனை மடங்கு என்று பார்ப்பது.

குத்தகைக்காரர் பூவைப் பார்த்து விலை பேசமாட்டார், பிஞ்சு நிற்கட்டும் என்பார். அந்த வருஷம் எங்கள் மரத்தில் பூ கொட்டிக் கிடந்தது, வெயிலில் பாதிகூடப் பிடிக்கவில்லை. நாங்கள் பூவுக்கே பாயிண்ட் போடும் கூட்டம். பி.ஓ. ஒரு வரி எழுதி அனுப்பினால் உடனே 5 என்போம். (தோப்பு உவமை இதற்குமேல் வேலை செய்யாது. மாமரம் வியாழக்கிழமை வந்து "ரிக்வயர்மெண்ட் மாறிடுச்சு" என்று சொல்லாது.)

பாயிண்ட் சொல்லும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் எண் போட்ட சீட்டைத் திருப்பவேண்டும் என்பது பிளானிங் போக்கர். 2002-ல் ஜேம்ஸ் கிரெனிங் எழுதியது. எங்களிடம் அதற்கான செயலி இருந்தது, பயன்படுத்தாமல் வாயால் சொல்லிக்கொண்டிருந்தோம். நான் 5 என்றால் தம்பிகள் இருவரும் 5. மூத்தவர் சொன்னபின் மாற்றிச் சொல்வது நம் பக்கத்தில் அவ்வளவு எளிதில்லை. மாட்டுச் சந்தையில் தோளில் கிடக்கும் துண்டைக் கையின்மேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. அதற்குக் காரணம் இருக்கிறது. ஜூன் 10 அன்றைக்கு நாங்களும் துண்டைப் போட்டோம், அந்தச் செயலியைத் திறந்தோம். ரசீதுப் படம் ஏற்றும் ஸ்டோரிக்கு நான் 5 வைத்தேன், அரூர் தம்பி 13 வைத்தான். இரண்டு வருஷமாக என் பக்கத்தில் இருக்கும் பையன், ஒருநாளும் என் எண்ணை மீறியதில்லை. "ஏன் 13?" என்றேன். "அக்கா, சிக்னல் இல்லாத இடத்துல டிரைவர் போட்டோ எடுத்தா என்ன பண்றது? மலைப்பாதையில நிக்கிறப்போ?" என்றான். நான் அதை யோசிக்கவே இல்லை. என் மனதில் ஓட்டுநர் ஆபீஸ் வைஃபையில் நின்றுகொண்டிருந்தார்.

13-ஐ உடைத்தோம். இதற்கு முன்பும் உடைப்போம், ஆனால் குறுக்கே: டேட்டாபேஸ் ஒருவர், அதையும் திரையையும் இணைக்கும் ஏபிஐ ஒருவர், திரை ஒருவர். ஸ்பிரிண்ட் முடியும்போது மூன்றும் எண்பது சதவீதம் முடிந்திருக்கும், ஓட்டுநர் கையில் ஒன்றும் இருக்காது. இந்த முறை நெடுக்கே வெட்டினோம். சிக்னல் இருக்கும்போது ஒரு படம் எடுத்து அனுப்புவது, 3. சிக்னல் இல்லாதபோது போனிலேயே வைத்திருந்து பிறகு தானாக அனுப்புவது, 5. மங்கலாக விழுந்தால் திரும்ப எடுக்கச் சொல்வது, 2. ஆபீஸில் பார்த்து ஒப்புதல் கொடுப்பது, 5. கூட்டினால் 15 வருகிறது, 13 இல்லை. பெங்களூர்க்காரர் கணக்குச் சரியில்லை என்று கொஞ்ச நேரம் நின்றார். உடைத்தபிறகுதான் உள்ளே இருப்பது தெரிந்தது, அவ்வளவுதான் என்று சொல்லிக் கடந்தேன். மங்கல் படத்தைப் பின்னால் வைத்தோம். மீதி மூன்றோடு, வண்டி எண் திருத்தம் 3, நிலுவை பில் பட்டியல் 5, செயலிக்குள் இருக்கும் பழைய லைப்ரரியை (பிறர் எழுதிவைத்த நிரல்) புதுப்பிப்பது 3. மொத்தம் 24.

மேனேஜர், "போன தடவை 46 எடுத்தீங்களே" என்றார். "எடுத்தோம் சார், முடிச்சது 27" என்றேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை. ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் வீணாய்ப்போனது.

ஸ்பிரிண்ட் கோல் எழுதுவதுதான் நேரம் எடுத்தது. முன்பெல்லாம் "எடுத்த ஸ்டோரிகளை முடிப்பது" என்று எழுதிவைப்போம். அது கோலே இல்லை. பி.ஓ. ஒரு வரி சொன்னார்: "ஓட்டுநர் அனுப்பும் ரசீதை ஆபீஸில் அன்றைக்கே பார்க்க முடியவேண்டும்." 24-இல் 13 பாயிண்ட் இந்த வரிக்கு, மிச்சம் 11 இதோடு சம்பந்தமில்லாதது. நெருக்கடி வந்தால் எதை இறக்குவது என்பது அப்போதே தெரிந்துபோனது.

நெருக்கடி வியாழக்கிழமையே வந்தது, ஜூன் 13. மதியம் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும்போது மேனேஜர் போன். "ஒரு சின்ன வேலைம்மா." சின்ன வேலை என்று ஆரம்பிக்கும் போன்களை எடுக்கும்போதே களி தொண்டையில் நின்றுவிடும் எனக்கு. பில் அறிக்கையை எக்செல்லாக இறக்கிக்கொள்ள ஒரு பட்டன் வேண்டும், கஸ்டமர் ரொம்ப அவசரம் என்கிறார், திங்களுக்குள் முடியுமா? திங்கள் பக்ரீத் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

வாய்க்குள் "செஞ்..." வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "செய்றோம் சார், எதை எடுத்து வைக்கட்டும்?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எதையும் எடுக்கவேண்டாம், இடையில சேர்த்துக்கங்க" என்றார். இடை என்று ஒன்று இருந்தால் அதை நாங்கள் ஏற்கெனவே நிரப்பியிருப்போம். பி.ஓ.வையும் அழைப்பில் சேர்த்தேன். ஸ்பிரிண்ட் நடுவில் வேலையின் அளவை மாற்றிப் பேசலாம். ஆனால் அது பி.ஓ.வும் டீமும் பேசி முடிவெடுப்பது, கோலுக்கு ஆபத்து வராமல். பி.ஓ. இரண்டே கேள்வி கேட்டார்: இந்தப் பட்டன் இல்லாவிட்டால் கஸ்டமருக்கு இந்த வாரம் என்ன நின்றுபோகும்? இப்போது எப்படிச் சமாளிக்கிறார்? திரையிலிருந்து நகலெடுத்து ஒட்டிக்கொள்கிறார் என்று பதில் வந்தது. "அப்போ பேக்லாக்ல மேலே வைக்கிறேன், இந்த ஸ்பிரிண்ட்ல இல்லை" என்று முடித்துவிட்டார். நான் மட்டும் தனியாக இருந்திருந்தால் அந்தப் பட்டனைச் சனிக்கிழமை உட்கார்ந்து செய்திருப்பேன். இது நிச்சயம்.

18-ம் தேதி செவ்வாய்க்கிழமை வந்தது வேறு மாதிரி. காலையிலிருந்து ஓ.டி.பி. போகவில்லை, ஓட்டுநர்கள் உள்ளே நுழையமுடியாமல் நிற்கிறார்கள். இதற்கு யாரிடமும் எதை எடுத்து வைக்கட்டும் என்று கேட்கவில்லை. எடுத்துக்கொண்டோம். ஓசூர்ப் பையனுக்கும் எனக்கும் ஒன்றரை நாள் போனது. புதன்கிழமை ஸ்டாண்ட்-அப்பில் லைப்ரரி புதுப்பிப்பை இறக்கிவிட்டோம், பி.ஓ.விடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. மூன்று பாயிண்ட், மூன்று நிமிஷப் பேச்சு. அந்தச் செவ்வாய்க்கிழமைதான் ஆபீஸ் நாளும்கூட. பஸ்ஸில் சூளகிரி தாண்டும்போது மடியில் லேப்டாப்பைத் திறந்து செயலியில் நடந்ததெல்லாம் பதிவாகும் லாக் பார்த்துக்கொண்டு போனேன், அத்திப்பள்ளி நெரிசலுக்கு முதன்முதலாக நன்றி சொன்னேன்.

பாலக்கோடு தம்பி நான்கு நாள் லீவு எடுத்தான். சொன்னேன் அல்லவா.

ஜூன் 21 வெள்ளி, முடிந்தது 21 பாயிண்ட். முந்தின 27-ஐவிடக் குறைவு. ஆனால் ரெவ்யூவில் டெஸ்டர் அக்கா தன் போனை ஏரோப்பிளேன் மோடில் போட்டு ஒரு மளிகை ரசீதைப் படம் எடுத்தார். மோடை எடுத்தார். பெங்களூரில் பி.ஓ. திரையில் தருமபுரி மளிகைக் கடையின் துவரம்பருப்பு விலை தெரிந்தது. மே ஸ்பிரிண்ட்டின் 27 பாயிண்ட்டில் இப்படிக் காட்ட எங்களிடம் ஒன்றுமே இருக்கவில்லை.

இதெல்லாம் எழுதியபிறகு எங்கள் டீம் திருந்திவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ரிஃபைன்மெண்ட் இன்றைக்கும் வியாழன் நான்கு மணிக்கு, எல்லோருடைய கேமராவும் அணைந்திருக்கும். ஸ்கிரம் வழிகாட்டியின் 2017 பதிப்பில் இந்த வேலைக்கு டீமின் நேரத்தில் வழக்கமாக 10 சதவீதத்துக்கு மிகாது என்று ஓர் எண் இருந்தது, 2020 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு அந்த எண் இருந்திருந்தால் நல்லது, அதைக் காட்டியாவது ஒரு மணி நேரம் கேட்டிருப்பேன். ஒன்று மட்டும் உருப்படியாக நடந்தது. புராடக்ட் பேக்லாக்கில் 212 டிக்கெட் (வேலைக் குறிப்பு) கிடந்தன, மிகப் பழையது 2021-இல் போட்டது. பி.ஓ.வும் நானும் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து 140-ஐ மூடினோம். யாராவது கேட்டால் திரும்பத் திறந்துகொள்ளலாம் என்று. பரணில் இருக்கும் பித்தளைப் பாத்திரத்தை எடைக்குப் போடுவதுபோல அவருக்கு மனசே வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னார். இதுவரை ஒன்றே ஒன்றைத்தான் ஒருவர் கேட்டு வந்தார்.

எக்செல் பட்டன் அந்த 140-இல் இல்லை. அது மேலேயே இருந்தது. ஜூன் 24 ஸ்பிரிண்ட்டில் இடமில்லை. ஜூலை 8 பிளானிங்கில் அதன் முறை வந்தது, 2 பாயிண்ட். எந்தெந்தப் பத்தி வேண்டும் என்று விவரம் கேட்க மேனேஜரை அழைத்தோம்.

"எந்தப் பட்டன்?" என்றார்.

ஜூன் 13, மதியம், கஸ்டமர் அவசரம் என்று நினைவுபடுத்தினேன். "ஓ, அதுவா. அவர் அப்பவே வேற எதையோ கேட்க ஆரம்பிச்சுட்டாரும்மா" என்றார். அரூர் தம்பி மியூட்டில் இருந்தான், ஆனால் தோள் குலுங்குவது தெரிந்தது. பி.ஓ. டிக்கெட்டை மூடிவிட்டு அடுத்த ஸ்டோரியைத் திறந்தார். சீட்டைத் திருப்பினோம். ஐந்து பேர் 3, நான் 8.